சினைத்திறனும் மரபுத் தேர்வும்

ஒரு பசு ஓராண்டில் பெரும்பாலும் ஒரு கன்றையே ஈனும். ஒரு காளையோ, செயற்கைக் கருவூட்டலின் வழியாக ஆயிரக்கணக்கான கன்றுகளுக்குத் தந்தையாகலாம். இறைச்சி மாடுகளின் இனமேம்பாடு நெடுங்காலம் காளைகளையே பெரிதும் நம்பியிருந்ததற்கு இவ்வேறுபாடே காரணம். இந்நிலையை மாற்றியது கருமாற்றத் தொழில்நுட்பமாகும். அத்தொழில்நுட்பத்தையும் அதனுள் மறைந்து செயற்படும் மரபுத் தேர்வையும் இவ்வுரையில் நாம் நோக்குவோம்.

1951ஆம் ஆண்டில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் கருமாற்றத்தின் பயனாக முதல் கன்று பிறந்தது. ஆய்வுக்கூடத்தில் கருவுறச் செய்த முட்டையிலிருந்து 1981ஆம் ஆண்டில் மற்றொரு கன்று பிறந்தது. இன்று வழங்கும் முறை இது: பசுவின் சினைப்பையிலிருந்து மெல்லிய ஊசியால் முட்டைகளை உறிஞ்சி எடுப்பர், ஏறத்தாழ ஒரு நாள் முதிரவிட்டு, காளையின் விந்தணுவோடு சேர்ப்பர், ஏழாம் நாள் வாக்கில் கருவை வேறொரு பசுவின் கருப்பையில் வைப்பர். முட்டை தருவதைக் கொடைப்பசு என்றும், கருவைச் சுமப்பதை ஏற்புப்பசு என்றும் நாம் அழைக்கலாம்.

இம்முறையைப் பெருமளவில் கையாளும் நாடு பிரேசில். அங்கு மிகுதியாக வளர்க்கப்படும் நெலோரே என்னும் இறைச்சி மாட்டினம், ஆந்திரத்தின் ஓங்கோல் மாடுகளின் வழிவந்தது. நெல்லூரின் பெயரே அதற்கு அமைந்தது. நெலோரே பசுவிடம் ஒருமுறை சராசரியாக இருபது முட்டைகள் அளவில் கிடைக்கின்றன. ஐரோப்பிய இனங்களில் பெரும்பாலும் அதன் பாதியளவே கிடைக்கும்.

ஓரினத்துக்குள்ளும் பசுவுக்குப் பசு பெருத்த வேறுபாடு உண்டு. தீவனம், வெப்பம், ஊசியைக் கையாள்பவரின் திறமை ஆகியவை அதற்கு ஓரளவு காரணம். எஞ்சிய காரணம் மரபு. முட்டை எண்ணிக்கையில் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழக் கால் பங்கு மரபுவழிப்பட்டதென ஆய்வுகள் பல காட்டுகின்றன. கருக்களின் எண்ணிக்கையில் அப்பங்கு இன்னும் குறைவு. காளையின் விந்தும் ஆய்வுக்கூடத்தின் நிலையும் அதில் குறுக்கிடுவதே காரணம். ஆயினும், தேர்ந்தெடுத்து வளர்த்தால் தலைமுறைதோறும் சினைத்திறனை உயர்த்தலாம் என்பது தெளிவு.

இங்கேதான் நாம் விழிப்புடன் இருத்தல் வேண்டும். இரு கொடைப்பசுக்களைக் கற்பனை செய்வோம். முதற்பசு ஆண்டுக்குப் பன்னிரண்டு கன்றுகளுக்குத் தாயாகிறது. இரண்டாவது மூன்றுக்கே தாயாகிறது. இரண்டாவதன் கன்றுகள் விரைந்து வளர்பவை, நல்ல இறைச்சி தருபவை எனினும், அடுத்த தலைமுறையில் ஐந்தில் நான்கு கன்றுகள் முதற்பசுவினுடையவையாக இருக்கும். அத்திறன் மகள்களுக்கும் ஓரளவு செல்லுமாதலின் இடைவெளி மேலும் விரியும். எவரும் திட்டமிடாமலே மந்தை தேர்ந்தெடுக்கப்பட்டுவிடுகிறது. நாம் நாடிய இறைச்சிக் குணம் நழுவக்கூடும். நெருங்கிய உறவுள்ள மாடுகளே பெருகி, மரபு வளமும் குறுகும்.

ஆகவே, சினைத்திறனை அளவிட்டு, அதற்குரிய மதிப்பை மட்டும் அளிப்பதே அறிவுடைமை. ஒவ்வொரு முறையும் கிடைத்த முட்டைகளையும் கருக்களையும், காளை, ஆய்வுக்கூடம், பருவம் ஆகியவற்றோடு சேர்த்துப் பதிவு செய்தல் வேண்டும். வளர்ச்சி, இறைச்சித் தரம், இயல்பான ஈற்றுத்திறன் ஆகியவற்றோடு ஒன்றாகவே சினைத்திறனையும் எடைபோடுதல் வேண்டும். ஒரு கொடைப்பசுவின் கன்றுகளுக்கு ஓர் உச்சவரம்பு விதித்தலும் நன்று. குருதியில் உள்ள முல்லர் எதிர் இயக்குநீரின் அளவு, சினைப்பையில் வளரும் நுண்பைகளின் எண்ணிக்கையை ஓரளவு உணர்த்தும். மரபணுச் சோதனையும் துணைநிற்கும். இவற்றால் இளங்கிடேரியிலேயே அதன் சினைத்திறனை ஓரளவு மதிப்பிடலாம்.

மிகுதியான கருக்களைப் பெறுவது ஒரு வழியே, குறிக்கோள் அன்று. எந்தப் பசுவின் கருக்களைப் பெருக்குகிறோம் என்னும் வினாவுக்கு விடை கண்ட பின்னரே, எத்தனை கருக்கள் என்னும் கணக்கைத் தொடங்குதல் தகும்.