21 ஆண்டுகள் படித்து முடிக்கும் ஒரு பரீட்சை

எங்கள் பிள்ளைகள் உயர்தரப் பரீட்சைக்கு இரண்டு வருடங்கள் படிக்கிறார்கள். இந்தியாவிலும் நேபாளத்திலும் உள்ள திபெத்தியப் பெண் துறவிகள் தங்கள் இறுதிப் பரீட்சைக்குத் தோற்ற முன்னர் 17 வருடங்களாவது படித்திருக்க வேண்டும். அந்தப் படிப்பில் 75 வீதப் புள்ளிகளாவது பெற்றவர்களுக்கே அனுமதி. பரீட்சையும் ஒரேயடியாக முடிவதில்லை. வருடத்துக்கு ஒரு கட்டமாக நான்கு வருடங்கள் நீள்கிறது. தேறினால் கிடைக்கும் பட்டம் கெஷேமா. திபெத்திய பௌத்தத்தின் கெலுக் மரபில் சமய மெய்யியலுக்கான உயர்ந்த பட்டம் இது. ஆண்களுக்கு அது கெஷே.

நூற்றாண்டுகளாக ஆண்களுக்கு மட்டுமே உரியதாக இருந்த பட்டம் அது. 2011இல் ஜேர்மனியைச் சேர்ந்த ஒரு பெண் துறவி முதன்முதலில் கெஷேமா ஆனார். 2013இல் திபெத்தியப் பெண்கள் முதற்கட்டப் பரீட்சைக்குத் தோற்றினர். 2016 டிசம்பரில், கர்நாடகத்தின் முண்ட்கோட்டில் உள்ள திரெபுங் மடத்தில், 20 பேருக்கு தலாய் லாமா பட்டமளித்தார். திபெத்திலிருந்து தப்பி வந்த பெண் துறவிகளில் மிகப் பலர் இந்தியா வந்து சேர்ந்தபோது தாய்மொழியையே எழுத வாசிக்கத் தெரியாதவர்கள். அரிச்சுவடியில் தொடங்கித்தான் அவர்கள் தர்க்கத்துக்கு வந்தார்கள்.

பாடவிதானம் ஐந்து பெரும் நூல்களைச் சுற்றியது. அளவையியல், பிரஞ்ஞாபாரமிதை, மத்தியமகம், அபிதர்மம், வினயம் ஆகியவை அவற்றின் பொருள்கள். மூலநூல்கள் எல்லாம் இந்திய மண்ணில் சமஸ்கிருதத்தில் எழுந்தவை. படிப்பது திபெத்திய மொழிபெயர்ப்பில். அளவையியலுக்கு தர்மகீர்த்தியின் நூல். அவருக்கு வழிகாட்டியான திக்நாகர் காஞ்சிக்கு அருகே பிறந்தவர் என்கிறது திபெத்திய மரபு. பக்கம், ஏது, எடுத்துக்காட்டு என்று காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்குச் சொல்லிக்கொடுத்ததும் இதே வகைத் தர்க்கம்தான். எங்கள் காப்பியத்தில் ஒரு பெண் படித்த பாடத்தைத் திபெத்தியப் பெண்கள் இன்றும் படிக்கிறார்கள்.

ஆயத்தம் இரண்டு வகை. முதலாவது மனனம். விடியற்காலையிலும் இரவிலும் உரத்த குரலில் பக்கம் பக்கமாக ஓதிப் பாடமாக்க வேண்டும். எங்கள் ஊரில் பாடமாக்குவது என்றால் இளக்காரமாகப் பார்ப்போம். அங்கே அது வாதத்துக்கான முதல். வாதக்களத்தில் புத்தகத்தைப் புரட்ட முடியாது.

இரண்டாவது வாதம். பதில் சொல்பவர் தரையில் அமர்ந்திருப்பார். கேட்பவர் நின்றபடி, காலை ஓங்கி மிதித்து, கையைத் தட்டிக் கேள்வியை வீசுவார். அமர்ந்திருப்பவர் நினைத்தபடி கதையளக்க முடியாது. பதில்கள் பெரும்பாலும் நான்குதான்: ஏற்கிறேன்; ஏன்; நீங்கள் சொன்ன காரணம் நிலைநாட்டப்படவில்லை; அந்தக் காரணத்திலிருந்து இந்த முடிவு வராது. முன்னர் சொன்னதற்கு முரணாக ஒன்றைச் சொல்லவைத்துவிட்டால் கேட்பவருக்கு வெற்றி. பாடமாக்கியது மட்டும் இருந்து, விளங்கியது இல்லாவிட்டால் சில நிமிடங்களிலேயே வெளித்துவிடும். மாதிரி வினாத்தாள் எதுவும் இதற்குக் கைகொடுக்காது. பெண்களுக்கு நீண்டகாலம் கிடைக்காமலிருந்ததும் இந்தப் பயிற்சிதான். 1995இலிருந்து வெவ்வேறு மடங்களின் பெண் துறவிகள் ஆண்டுதோறும் கூடி ஒரு மாத காலம் வாதிடத் தொடங்கிய பிறகே கதவு திறந்தது. கெஷேமா பரீட்சையில் எழுத்தும் உண்டு, வாதமும் உண்டு.

இந்தப் படிப்பு நாட்டைவிட்டு வந்தபின் எப்படித் தப்பிப் பிழைத்தது என்பதையும் சொல்லவேண்டும். தலாய் லாமா தன் இறுதிப் பரீட்சைக்கு லாசாவில் தோற்றியது 1959இன் தொடக்கத்தில். அந்த மார்ச் மாதத்திலேயே அவர் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. பின்தொடர்ந்து வந்த துறவிகளில் ஏறத்தாழ 1,500 பேர் பூட்டான் எல்லையருகே பக்ஸா என்ற இடத்தில் தங்கவைக்கப்பட்டனர். இந்திய விடுதலைப் போராட்டக்காரரைப் பிரித்தானியர் அடைத்துவைத்த பழைய தடுப்பு முகாம் அது. குளிர்நாட்டவருக்கு அந்த வெக்கை ஒத்துவரவில்லை. பலரைக் காசநோய் பிடித்தது. நூல்கள் குறைவு. மூத்தவர்களின் நினைவில் இருந்ததே நூலகம். படிப்பை நிறுத்தவில்லை. பின்னர் கர்நாடகத்தில் காடு வெட்டி, சோளம் விதைத்து, வயல்வேலைக்கு இடையில் படித்தார்கள். ஜாம் போத்தல் விளக்கில் படித்துப் பரீட்சைக்குத் தோற்றிய எங்கள் தலைமுறைக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

பெருந்தொற்றால் 2020இலும் 2021இலும் கெஷேமா பரீட்சை நடக்கவில்லை. இடைநடுவில் நின்றவர்கள் படித்ததை மறக்காமல் காத்திருந்தார்கள். 2022இல் பரீட்சை மீண்டும் நடந்தது.

கடைசி வருடப் பாடங்களில் ஒன்று வினயம், அதாவது துறவு ஒழுக்க விதிகள். பெண்களுக்கு நெடுநாள் தடையாக இருந்ததும் அதுவே. திபெத்திய மரபில் பெண்களுக்கான முழுமையான பிக்குணித் துறவுப் பரம்பரை நிலைபெற்றிருக்கவில்லை. ஆகவே முழு வினயத்தையும் படிக்க இயலாது என்றார்கள். பிறகு படிக்கவும் பரீட்சை எழுதவும் அனுமதி வந்தது. பிக்குணித் துறவு பற்றிய விவாதம் இன்னும் முடியவில்லை. இதற்கிடையில் கெஷேமாக்கள் சிலர், முன்னர் ஆண் ஆசிரியர்களே பாடம் சொன்ன தங்கள் மடங்களில், இளம் பெண்களுக்குத் தர்க்கம் கற்பிக்கிறார்கள்.