விருந்தீஸ்வரர் ஊரில் டயட்!

எங்க ஊர் சாமி பேரே விருந்தீஸ்வரர். பசியோடு வந்த சுந்தரருக்குச் சிவபெருமானே விருந்து போட்டதாகத் தல புராணம். அப்படிப்பட்ட துடியலூரில் உட்கார்ந்துகொண்டு ஒருத்தி உடம்பைக் குறைக்கப் பார்த்தால் சாமிக்கே பொறுக்குமா, சொல்லுங்க?

எனக்கு வயசு 51. உயரம் 154 சென்டிமீட்டர். எடை... சரி, சொல்லித்தானே ஆகணும், 76 கிலோ. கல்யாணத்துக்கு முந்தின மாசம் கோவை ஜங்ஷனில் காசு போட்டு ஏறி நின்றபோது மெஷின் துப்பின அட்டையில் 47 என்று இருந்தது. அந்த அட்டை இன்னும் என் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. யாராவது நம்பாவிட்டால் ஆதாரம் வேண்டுமே!

நடக்க ஆரம்பித்தேன். காலையில் ஐந்தரைக்குக் கிளம்பி என்.ஜி.ஜி.ஓ. காலனிப் பக்கம் போய்த் திரும்ப ஒரு மணி நேரம். குருடிமலை மேல் மேகம் கலைகிறதுக்குள் வீடு வந்துவிடுவேன். சர்க்கரை இல்லாத டீ. ராத்திரி ரெண்டே சப்பாத்தி. தீபாவளிக்கு ஒப்புட்டு, கச்சாயம் எதையும் தொடவில்லை. இப்படி 11 மாசம். குறைந்தது எவ்வளவு தெரியுமா? ஒண்ணே கால் கிலோ!

என் வீட்டுக்காரர் லேத் பட்டறை வைத்திருக்கிறார். சும்மா இருந்தவர், எனக்குத் துணையாக இருக்கட்டுமே என்று பட்டறைப் பக்கத்து பேக்கரியில் தினமும் தின்கிற தேங்காய் பன்னை மட்டும் நிறுத்தினார். ரெண்டு மாசத்தில் நாலு கிலோ போச்சு! பெல்ட்டுக்குப் புது ஓட்டையைப் பட்டறை டிரில்லிங் மெஷினிலேயே போட்டுக்கொண்டு வந்து காட்டினாரே பார்க்கலாம். அன்னிக்கு ராத்திரி அவருக்குச் சட்னி கிடையாது.

ஊரில் யோசனை சொல்லாத ஆள் இல்லை. சுடுதண்ணியில் தேன் விடு என்றார்கள். வாழைத்தண்டு ஜூஸ் குடி என்றார்கள். 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்று என் மாமியார் கொள்ளுப் பருப்பு கடைந்து கொடுத்தார். அதில் நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்தபோது சோறு ரெண்டு கரண்டி எச்சாகவே உள்ளே போனது. கொள்ளு மேல் தப்பில்லை, பாவம்.

இதெல்லாம் சிரிப்புதான். ஆனால் காரமடையில் ஒரு கல்யாணப் பந்தியில் என் நாத்தனார் கேட்டது சிரிப்பு இல்லை.

"ஏனம்மிணி, தெனமும் நடக்கறேங்கறே... நடந்து போறது பேக்கரிக்கா?"

வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன். கை கழுவப் போன இடத்தில்தான் கண்ணில் தண்ணீர் வந்தது. உடம்பு குறையாததுகூட வலிக்கவில்லை. ஒளிச்சு வைத்துத் தின்கிறாள் என்று நினைக்கிறார்களே, அது வலித்தது.

அழகுக்காக நான் நடக்கவில்லைங்க. என் அம்மாவுக்குச் சர்க்கரை. 58 வயசில் கால் பெருவிரலை எடுத்தார்கள். அடுத்த வருஷம் முழங்காலுக்குக் கீழே. 61-ல் போய்விட்டாள். கடைசி மாசங்களில், "காலு அரிக்குது கண்ணு, சித்த சொறிஞ்சு விடு" என்பாள். அது இல்லாத கால். நான் பெட்ஷீட்டைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருப்பேன். "இப்பப் பரவால்ல" என்பாள்.

எனக்கு மூணு மாச சராசரிச் சர்க்கரை 6.3 வந்தது. 5.7 முதல் 6.4 வரை எல்லைக்கோடு. 6.5 ஆனால் சர்க்கரை நோய் என்று பேர். எனக்கும் கோட்டுக்கும் நடுவில் ரெண்டு புள்ளி. தைராய்டு பார்த்தார்கள், சரியாகத்தான் இருந்தது. அதுவாவது இருந்திருந்தால் நாத்தனாரிடம் சொல்லியிருக்கலாம்!

நான் ஒரு பம்ப்செட் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள். அஞ்சு ரூபாய் இடித்தாலும் ராத்திரி தூக்கம் வராது. அப்படிப்பட்டவள் என் வயித்துக் கணக்கை மட்டும் மனக்கணக்காகவே போட்டுக்கொண்டிருந்தேன் என்பது ஒரு நாள் உறைத்தது. ஒரு நோட்டு போட்டேன். வாயில் போகிற எதுவாக இருந்தாலும், போன உடனே எழுதணும். சாயங்காலம் யோசித்து எழுதக் கூடாது. ஒரு வாரம்.

ஐயோ! பன்னெண்டாவது படிக்கும் பையன் டிபன் பாக்ஸில் மீதி வைத்த தக்காளி சாதம், நாலு வாய். உப்பு பார்க்கிறேன் என்று குழம்பு, பொரியல். ஆபீஸில் நாலு மணிக்கு யாருக்காவது பிறந்த நாள். ராத்திரி சட்டியில் கொஞ்சூண்டு சோறு மிச்சமிருக்கும். "கொட்டுனா லட்சுமி போயிருவா கண்ணு" என்பார் மாமியார். லட்சுமியைக் காப்பாற்றுகிற பொறுப்பு எப்பவும் என் வயிற்றுக்குத்தான். தாளிக்கிற எண்ணெய் ஒரு மேசைக்கரண்டிக்கு 120 கலோரி. எனக்கு ஒரு மணி நேரம் நடந்தால் செலவாகிறது சுமார் 250. அதாவது, ரெண்டு கரண்டி எண்ணெயில் காலை நடை காலி! நான் 1200 கலோரிதான் சாப்பிடுகிறேன் என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் பண்ணியிருப்பேன். நோட்டு காட்டியது 1750.

இதில் எனக்கு ஒரு ஆறுதல். 1992-ல் நியூயார்க்கில், 'என்ன பண்ணியும் இளைக்க மாட்டேங்குது' என்று சொன்ன பத்துப் பேரை வைத்துச் சோதித்தார்கள். சாப்பிட்டதைச் சுமார் பாதி குறைத்துச் சொன்னார்கள், செய்த உடற்பயிற்சியைப் பாதி கூட்டிச் சொன்னார்கள். பொய் சொல்லணும் என்று சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நம்பினார்கள். துடியலூர்க்காரி மட்டும் இல்லை என்று தெரிந்ததும் மனசு கொஞ்சம் லேசானது. எடையும் அப்படி லேசாகியிருந்தால்...!

உலையில் அரிசியை அரை ஆழாக்கு குறைத்தோம். மிச்சமே இல்லை, லட்சுமியும் போகவில்லை. எண்ணெயை அளந்து விட்டேன். மூணு மாசத்தில் 72 கிலோவுக்கு வந்தேன். ஆஹா என்று நாத்தனாருக்குப் போன் போடலாம் என்று இருந்தபோது மெஷின் நின்றுவிட்டது. அதே நோட்டு, அதே நடை, அதே 72. ஒரு மாசம், ரெண்டு மாசம், அஞ்சு மாசம்!

இந்தத் தடவை கணக்கில் இடிக்கவில்லை. உடம்புதான் இடித்தது.

எங்கப்பா மில் தொழிலாளி. மில் மூடின வருஷம் அம்மா குடித்தனம் நடத்தினது எனக்கு ஞாபகம் இருக்கு. வருமானம் பாதி ஆனதும் காபி போச்சு, ராத்திரி எட்டு மணிக்கே விளக்கு அணைஞ்சது, கிழிஞ்ச துணி எல்லாம் மறுபடி தைத்தாள். கையில் இருந்த நாலு காசை மட்டும் லேசில் எடுக்கவே மாட்டாள். உடம்பும் அந்த மாதிரி அம்மாதான். சோறு குறைஞ்சா, 'மில் மூடியாச்சு போல' என்று செலவைக் குறைக்கிறது. அமெரிக்காவில் டி.வி. போட்டியில் கலந்துகொண்டு மளமளவென்று இளைத்த 14 பேரை, ஆறு வருஷம் கழித்துச் சோதித்து 2016-ல் எழுதினார்கள். சும்மா இருக்கும்போது அவர்கள் உடம்பு செலவழிக்க வேண்டிய அளவைவிட ஒரு நாளைக்கு 500 கலோரி போலக் குறைவாகச் செலவழித்ததாம். இழந்த எடையும் பெரும்பாலோருக்குத் திரும்பி வந்துவிட்டது. மில் திறந்து ஆறு வருஷம் ஆகியும் அம்மா விளக்கைப் போடவில்லை!

இதைத் தெரிந்துகொண்டதும் நடையை விட்டுவிடலாம் என்றே தோன்றியது. எங்க டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "எதுக்குங்க நடக்க ஆரம்பிச்சீங்க? மெஷினுக்கா, சர்க்கரைக்கா?" என்றார். பிறகு சென்னைக் கதையைச் சொன்னார். இங்கே டாக்டர் ஏ.ராமச்சந்திரன் தலைமையில் நடந்து, 2006-ல் வெளிவந்த ஆய்வு. சர்க்கரைக்கு எல்லைக்கோட்டில், என்னை மாதிரி நின்றுகொண்டிருந்த 531 பேர். ஒரு பிரிவுக்கு வழக்கமான அறிவுரை மட்டும். இன்னொரு பிரிவை நடக்கச் சொன்னார்கள். சீனி, எண்ணெய், தீட்டின அரிசி எல்லாவற்றையும் குறைக்கச் சொல்லி, விடாமல் கூப்பிட்டுப் பேசினார்கள். மூணு வருஷக் கணக்கில் முதல் பிரிவில் 100-க்கு 55 பேருக்குச் சர்க்கரை வந்தது. நடந்தவர்களில் 39 பேருக்குத்தான்.

"அவங்கெல்லாம் எத்தனை கிலோ குறைஞ்சாங்க?" என்றேன் ஆவலாக.

"அதுதாங்க விசேஷம். சராசரி எடை குறையவே இல்லை!"

நான் நாற்காலியிலேயே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். எடை குறைந்தால் பலன் இன்னும் அதிகம்தான், அமெரிக்காவில் 2002-ல் வந்த ஆய்வில் எடையும் குறைந்தவர்களுக்குச் சர்க்கரை 58 சதவீதம் குறைவாக வந்தது என்பதையும் மறைக்காமல் சொன்னார். அதோடு டேப்பை எடுத்து என் இடுப்பை அளந்தார். ஆரம்பத்தில் 98 சென்டிமீட்டர். இப்போது 91. நம் ஊர்ப் பெண்களுக்கு 80-க்குள் இருக்கணுமாம். இன்னும் தூரம் இருக்கு. ஆனால் ஏழு சென்டிமீட்டர் போயிருக்கிறது! மெஷின் ஒரு வார்த்தை சொன்னதா?

ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். ரிசல்ட் வாங்கப் போகிற அன்னிக்குக் கை நடுங்கியது. 5.8. அந்தத் தாளை மடித்து, பீரோவில் 47 கிலோ அட்டை பக்கத்தில் வைத்தேன்.

வீட்டுக்காரர் கதை வேறே. தேங்காய் பன் திரும்பி வந்தது, கூடவே மூணு கிலோவும். பெல்ட் பழைய ஓட்டைக்கே போய்விட்டது. இப்போது விடியக்காலையில் என்னோடு வருகிறார். "சித்த மெதுவா போ புள்ள" என்று பின்னாலிருந்து குரல் வருகிறது.

போன வாரம் எதிர்வீட்டுப் பெண் கேட்டாள், "ஏனுங்க்கா, இத்தனை நடந்தும் அப்படியேதான இருக்கறீங்க?"

"ஆமாங் கண்ணு, அப்படியேதான் இருக்கறேன்" என்றேன்.

எடை மெஷினை மட்டும் தூக்கி எறியவில்லை. பழைய பேப்பர்க்காரர் வரும்போது வெளியே எடுத்து வைக்கிறேன். போன தடவை அவர் தராசில் 9 கிலோ என்றார். என் மெஷினில் 11. வாங்கி இத்தனை நாளில், முதல் தடவையாக அது காட்டின நம்பர் எனக்குப் பிடித்திருந்தது!