முடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு

புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துயரம்தான் 1954-ல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையாக எழுந்தது.

இந்த நோயில் ஒரு சிக்கல். புற்று உயிரணு வெளியிலிருந்து வந்த கிருமி அல்ல, நம் உடம்பின் சொந்த உயிரணு. வீட்டுக்குள்ளேயே இருக்கும் திருடனைக் காவல்காரன் எப்படிச் சந்தேகிப்பான்? இங்கேதான் நானோ துகள் உதவிக்கு வருகிறது. புற்றின் அடையாளத்தைக் கொழுப்பாலான நுண்குமிழிக்குள் வைத்து உடம்புக்குள் அனுப்புகிறார்கள். அதைப் பார்த்து, காவல்காரனான நோய் எதிர்ப்பு அணுக்கள் திருடனின் முகத்தைப் பழகிக்கொள்கின்றன. இந்தச் சிகிச்சை இன்னும் சோதனை நிலையில்தான் இருக்கிறது. அதிசய மருந்து என்று யாராவது விற்க வந்தால் நம்ப வேண்டாம்.

ஆனால் வரும்முன் காக்கும் ஒன்று இப்போதே கையில் இருக்கிறது: கருப்பைவாய்ப் புற்றுக்கான ஹெச்.பி.வி. தடுப்பூசி. அந்தப் புற்றைத் தூண்டும் ஹெச்.பி.வி. வைரஸின் வெற்றுக்கூடு போன்ற அதன் துகள் சுமார் 55 நானோமீட்டர். தலைமுடியின் தடிமனில் சுமார் ஆயிரத்தில் ஒரு பங்குதான். இந்தியாவிலேயே தயாரான 'செர்வாவேக்' 2023-ல் வந்தது.

வீட்டில் 9 முதல் 14 வயதுக்குள் பெண்பிள்ளை இருக்கிறதா? பக்கத்து அரசு மருத்துவமனையில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.