‘பாக்கி ஏதுமில்லை’ என்று எழுதிக் கொடுத்த பிறகும் உரிமை உண்டா?



மயிலாப்பூரில் மளிகைக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், பல ஆண்டுகளாக நம்மிடம் சரக்கு எடுப்பவர், ஒரு கம்பெனியின் பிரான்சைஸ் கடையையும் எடுத்து நடத்திப் பார்த்தார். கட்டுப்படியாகவில்லை. கணக்கு முடிக்கப் போன இடத்தில் டெபாசிட் செக்கை மேசை மேல் வைத்துக்கொண்டு, “இதில் கையெழுத்துப் போட்டால்தான் செக்” என்றார்கள். கமிஷன் உட்பட எல்லாம் தீர்ந்தது, இனி எதுவும் கோர மாட்டேன் என்று அதில் எழுதியிருந்தது. அந்த வாரம் அவருக்குக் கடன் தவணை கட்டியாக வேண்டும். போட்டுவிட்டு மறுநாள் காலை நம்மிடம் வந்தார். “போனது போனதுதானா அண்ணாச்சி?” என்றார்.

வக்கீலிடம் அழைத்துப் போனோம். அங்கே தெரிந்துகொண்டதை எல்லோருக்கும் பயன்படும் என்று எழுதுகிறோம்.

நம் நாட்டில் பிரான்சைஸுக்கென்று தனிச் சட்டம் இல்லை. 1872-ம் வருடத்திய இந்திய ஒப்பந்தச் சட்டமே அடிப்படை. மனமுவந்து விட்டுக் கொடுத்தால் 63-வது பிரிவின்படி அது செல்லும். ஆனால் கட்டாயப்படுத்தியோ, ஏமாற்றியோ, தகாத செல்வாக்கைக் காட்டியோ வாங்கிய கையெழுத்தை ரத்து செய்யக் கோரலாம்.

கடையை விட்ட பிறகும் அதே தொழிலைச் செய்யக் கூடாது என்று எழுதி வாங்கியிருந்தால், 27-வது பிரிவின்படி பொதுவாக அது செல்லாது. ஒப்பந்தம் நடப்பில் இருக்கும் காலம் வேறு. அப்போது போட்டிச் சரக்கைத் தொடக் கூடாது என்ற கட்டுப்பாடு செல்லும் என்று 1995-ல் கோகோ கோலா வழக்கில் சுப்ரீம் கோர்ட் கூறியது. தகராறு வந்தால் கோர்ட்டுக்கே போகக் கூடாது என்று அடியோடு தடுக்கும் ஷரத்தும் 28-வது பிரிவின்படி செல்லாது.

இன்ஷூரன்ஸ் வழக்குகளிலும் இதே சங்கதிதான். போகாரா பாலிஃபேப் என்ற கம்பெனியின் சரக்கு மழை வெள்ளத்தில் கெட்டது. முழு வவுச்சரில் கையெழுத்திட்டால்தான் பணம் என்ற நிலையில் கையெழுத்திட்டார்கள். நெருக்கடியில் வாங்கிய அந்த வவுச்சரால் மட்டும் வழக்கு முடிந்துவிடாது என்று 2008-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. மத்தியஸ்த ஷரத்தும் அதனால் அழியாது என்று 2024-ல் மீண்டும் சொன்னது.

ஆனால் 2014-ல் ஜீனஸ் பவர் வழக்கில், பணம் வாங்கி ஏறக்குறைய மூன்று வாரம் கழித்துத்தான் ஆட்சேபணை சொன்னார்கள். நெருக்கடி என்பதற்கு ஆதாரமும் காட்டவில்லை. அவர்கள் கோரிக்கை நிற்கவில்லை. தாமதமும் ஆதாரமின்மையும்தான் நமக்கு எதிரி.

ஆகவே, நெருக்கடியில் கையெழுத்திட நேர்ந்தால் ‘ஆட்சேபணையுடன்’ என்று அதிலேயே எழுதுங்கள். விடாவிட்டால் அன்றோ மறுநாளோ காரணத்தைச் சொல்லி ஸ்பீடு போஸ்டில் கடிதம் அனுப்பி, நகலை வையுங்கள். ஸ்டேட்மென்ட், டெலிவரி சலான், மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள். பண பாக்கி வழக்குக்குப் பொதுவாக 3 வருடம்தான் கெடு. 3 லட்ச ரூபாயும் அதற்கு மேலும் உள்ள பிரான்சைஸ் தகராறு, 2015-ம் வருடத்திய வணிக நீதிமன்றச் சட்டத்தில் வரும். அவசர உத்தரவு தேவைப்படாவிட்டால் முதலில் சமரசத்துக்குப் போக வேண்டும்.

நண்பரின் கடிதம் அன்று மாலையே போயிற்று. பேச்சுவார்த்தையில் கமிஷனில் பெரும்பகுதி வந்துவிட்டது. திருப்பி அனுப்பிய சரக்கின் தொகை வரவில்லை. அதற்கு அவர் கையில் ரசீது இல்லை.