மழை நகரத்துப் புகைபோக்கி

ஷில்லாங் கிளைக்கு மாற்றல் ஆணை வந்தபோது என் மனைவி முதலில் கேட்டது குளிரைப் பற்றி. நான் முதலில் விசாரித்தது வாடகையைப் பற்றி. வணிகவியல் படித்தவனுக்கு அதுவே இயல்பு. நகரின் பழைய பகுதியொன்றில், பைன் மரங்களுக்கிடையே தகரக் கூரை வேய்ந்த வீடு ஒன்று அமைந்தது. கூடத்தின் உட்சுவரில் செங்கல்லால் கட்டிய கணப்படுப்பு. அதன் மேலே கூரையைத் துளைத்துக்கொண்டு எழும் புகைபோக்கி. அப்போது ஒன்பது வயதாயிருந்த எங்கள் மகள் அத்தகைய பொருளைக் கதைப் புத்தகங்களில் மட்டுமே கண்டிருந்தாள். பெட்டிகளைப் பிரிப்பதற்கு முன்பே, எப்போது தீ மூட்டுவோம் என்று கேட்கத் தொடங்கிவிட்டாள்.

நவம்பர் மாதத்தின் முதல் வாரம் அது. குடியேறிய மூன்றாம் நாள் இரவு சாரல் விழுந்துகொண்டிருந்தது. சன்னல்களை இறுகச் சாத்தி, கடைத்தெருவில் வாங்கிய பைன் விறகை அடுக்கித் தீ மூட்டினோம். தொடக்கத்தில் கொஞ்சம் புகை அறைக்குள் திரும்பியது. பின்னர் விறகு கனலாகி அடங்கியதும் புகை நின்றுவிட்டது, அறை இதமாயிற்று. ஒரு மணி நேரம் கழித்து மகள் தலைவலி என்றாள். மனைவிக்குக் குமட்டல். எனக்கோ எழுந்திருக்கவே மனமில்லாத ஒரு சோர்வு. மலையேறி வந்ததன் விளைவு என்று நான் தீர்ப்புச் சொன்னேன். ஷில்லாங்கின் உயரம் ஏறத்தாழ 1,500 மீட்டர். அதைவிட உயரமான கொடைக்கானலுக்குப் பலமுறை சென்றிருக்கிறோம். ஒருவருக்கும் ஒருநாளும் தலைவலித்ததில்லை. அந்த எளிய கணக்கு அப்போது என் மூளைக்கு எட்டவில்லை. எட்டாமல் போனதற்கும் ஒரு காரணம் இருந்தது.

எங்களைக் காத்தது வீட்டுக்காரரின் மறதி. பின்கட்டில் வசித்த அவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. அறுபது வயதைக் கடந்த காசி இனப் பெண்மணி. வயதில் மூத்த பெண்களைக் காசி மக்கள் மரியாதையாகக் ‘கொங்’ என்று அழைப்பர். நாங்களும் அவரை அப்படியே அழைத்தோம். தண்ணீர்த் தொட்டியின் சாவியைத் தர மறந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு வந்தவர், கதவைத் திறந்ததும் எங்கள் முகங்களைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார். ஒரு சொல் பேசாமல் சன்னல்களை எல்லாம் திறந்தார். மகளைத் தூக்கித் தாழ்வாரத்தில் உட்கார வைத்தார். கனலை இரும்புச் சட்டியில் வாரி வெளியே கொண்டுபோய்க் கொட்டினார். அதன் பிறகுதான் திட்டினார். குளிர்ந்த காற்றில் அரை மணி நேரம் இருந்ததும் தலைவலி தணிந்தது. அன்றிரவே மருத்துவரிடம் காட்டினோம். உறங்கப் போகுமுன் வெளியே வந்தது நல்லதாயிற்று என்று மட்டும் அவர் சொன்னார். வீட்டுக்குத் திரும்பும்வரை நாங்கள் மூவரும் எதுவும் பேசவில்லை.

கார்பன் மோனாக்சைடு என்னும் வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. எரிபொருளுக்குப் போதிய காற்று கிடைக்காதபோது அது உண்டாகிறது. குருதியிலுள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் வலுவாகப் பிணைந்துகொள்ளும் இயல்புடையது. புகை அடங்கி, கனல் சிவந்து, அறை அழகாக இருக்கும் நேரமே ஆபத்தான நேரம் என்பதை அன்று வரை நான் அறிந்திருக்கவில்லை. புகை கண்ணை எரித்து எச்சரிக்கும். இந்த வாயு அந்த உதவியைக்கூடச் செய்வதில்லை. மேலே செல்லவேண்டிய வழி அடைபட்டிருந்தால் அறைக்குள்ளேயே தங்கிவிடும்.

வழி எதனால் அடைபட்டது என்பது மறுவாரம் தெரிந்தது. கொங் அழைத்து வந்த முதிய கொத்தனார் ஏணி வைத்துக் கூரைமேல் ஏறினார். புகைபோக்கியின் வாயிலிருந்து முதலில் வெளிவந்தது ஒரு கூடை நிறையச் சுள்ளிகளும் பாசியும்; பறவைகள் பல பருவங்களாகக் கட்டிய கூடுகள். அடுத்து உடைந்த செங்கற்கள் நான்கைந்து. உட்சுவர் முழுவதும் தாரைப் போல் மினுங்கும் கறுப்புப் படிவம். அவர் கையிலிருந்த கரண்டியால் செங்கல் வரிசைகளுக்கு இடையே இலேசாகக் கீறினார். சாந்து மணலைப் போல் உதிர்ந்தது.

உலர்ந்த ஊர்களில் பல்லாண்டுகள் நிற்கும் புகைபோக்கி, மழை ஊரில் ஏன் இவ்வாறு ஆகிறது? காசி மலையின் தென்சரிவிலுள்ள சிரபுஞ்சியும் மௌசின்ராமும் உலகிலேயே மிகுதியான மழை பெறும் இடங்கள். ஷில்லாங் அவ்வளவு நனைவதில்லை எனினும், ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கு எதுவும் முழுமையாக உலர்வதில்லை. அந்த மாதங்களில் அடுப்பு எரிவதுமில்லை. ஆகவே மூடியில்லாத புகைபோக்கி நான்கு மாதம் மழைநீரைக் குடித்துக்கொண்டே நிற்கிறது. மேகாலயத்து நிலக்கரியில் கந்தகம் மிகுதி. ஒரு காலத்தில் இவ்வீட்டில் நிலக்கரி எரித்திருக்கிறார்கள். அதன் கரிப்படிவம் ஈரத்தோடு சேரும்போது அமிலமாகிறது. அமிலம் சுண்ணாம்புச் சாந்தைத் தின்று ஜிப்சமாக மாற்றுகிறது. ஜிப்சம் உப்பி விரிசலை உண்டாக்குகிறது. விரிசல் வழியே மேலும் நீர் இறங்குகிறது. வட்டிக்கு வட்டி சேர்வதைப் போலத்தான்; தொடக்க ஆண்டுகளில் கண்ணுக்கே தெரியாது.

தாரைப் போன்ற படிவத்துக்குக் கிரியோசோட் என்று பெயர். ஈர விறகே அதன் தாய். புதிதாக வெட்டிய விறகின் எடையில் பாதியளவுகூட நீராக இருக்கலாம். அந்த நீரை ஆவியாக்குவதிலேயே வெப்பம் செலவாகிறது. சூடு குறைந்த புகை மேலே செல்லும் வழியிலேயே குளிர்ந்து சுவரில் படிகிறது. அப்படிவம் எளிதில் தீப்பற்றும். மரச்சட்டமும் நாணலும் கொண்ட வீட்டில் புகைபோக்கி உள்ளே தீப்பிடித்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. விறகில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கவேண்டும் என்பது பொதுவிதி. அளக்கக் கருவி இல்லாவிட்டால் இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். உலர்ந்தது ‘டணார்’ என்று ஒலிக்கும். ஈரமானது ‘தொப்’ என்று அடங்கும். கொத்தனார் கற்றுத்தந்த இச்சோதனையை என் மகள் அடுத்த இரண்டு ஆண்டுகளும் விறகு வண்டிக்காரரை அருகில் நிறுத்திவைத்தே செய்துவந்தாள்.

தூய்மை செய்யும் வேலை ஒன்றரை நாள் பிடித்தது. கணப்படுப்பின் வாயை நனைத்த சாக்கால் அடைத்து, நீண்ட மூங்கில் முனையில் கட்டிய கம்பித் தூரிகையை மேலிருந்து இறக்கித் தேய்த்தார்கள். கறுப்புப் படிவம் அதற்கு மசியவில்லை. இரும்புச் சுரண்டியால் சிறிது சிறிதாகப் பெயர்த்தார்கள். கொத்தனார் முகத்தில் துணி கட்டிக்கொள்ள மறுத்தார், கொங் விடவில்லை. அவர் செய்தது சரி. தொழில் காரணமாக உண்டாகும் புற்றுநோயை உலகம் முதன்முதலில் அறிந்ததே புகைபோக்கிக் கரியால்தான். இலண்டனில் புகைபோக்கி துடைக்கும் தொழிலாளரிடம் அதைக் கண்டறிந்து 1775இல் எழுதியவர் பெர்சிவல் பாட் என்னும் அறுவை மருத்துவர்.

தூய்மை முடிந்ததும் பழுதுபார்ப்பு எப்படி என்னும் கேள்வி எழுந்தது. இங்கேதான் வீட்டின் வரலாறு குறுக்கிட்டது. 1897 ஜூன் 12ஆம் நாள் மாலை ஏற்பட்ட பெரும் நிலநடுக்கத்தில் ஷில்லாங்கின் கற்கட்டடங்கள் ஏறக்குறைய எல்லாமே தரைமட்டமாயின. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் ஓல்டாம் அதைப் பற்றி எழுதிய அறிக்கை இன்றும் நிலநடுக்கவியலில் மதிக்கப்படுகிறது. அதன் பின்னர் அங்கு கனமான சுவரை மக்கள் நம்பவில்லை. மரச்சட்டம், இடையே இக்ரா என்னும் நாணல், அதன்மேல் பூச்சு, தலைமேல் தகரம் என்று இலேசான வீடுகளைக் கட்டினார்கள். அசாம் வகை வீடு என்று இன்று அழைக்கப்படுபவை இவையே. நிலம் ஆடும்போது இவையும் சேர்ந்து ஆடும்; எளிதில் விழா. ஆனால் அத்தகைய வீட்டிலும் ஒரு பகுதி மட்டும் பழையபடி கனமாகவே நின்றது. புகைபோக்கியைச் செங்கல்லால் அன்றி வேறு எதனால் கட்டுவது?

சாந்து உதிர்ந்துபோன, டன் கணக்கில் எடையுள்ள அந்தத் தூண், நாட்டின் மிகக் கடுமையான நிலநடுக்க மண்டலத்தில், என் மகளின் கட்டில் இருந்த அறைக்கு நேர்மேலே நின்றுகொண்டிருந்தது. ஒப்பந்ததாரர் ஒருவர் வந்து பார்த்து, அடியோடு இடித்துவிட்டுச் சுவரை அடைத்துவிடலாம் என்றார். செலவும் குறைவு. நான் அதற்கு ஆதரவாகவே பேசினேன். கொங் நெடுநேரம் அமைதியாக இருந்தார். காசி மக்களிடையே குடும்ப வீடு கடைக்குட்டி மகளுக்கே சேரும். அது சொத்து மட்டுமன்று. பெற்றோரையும் உடன்பிறந்தோரையும் அவ்வீட்டில் தாங்கும் பொறுப்பும் அவளுடையதே. கொங் அவ்வீட்டின் கடைக்குட்டி. அண்ணன்மார் எவர் வந்தாலும் அந்த அடுப்பைச் சுற்றித்தான் உட்காருவார்களாம். இடித்துவிட்டால் அவர்களை எங்கே உட்கார வைப்பது என்று கேட்டார். ஒப்பந்ததாரரிடம் அதற்கு விடையில்லை, என்னிடமும் இல்லை.

வழி சொன்னவர் கொத்தனார். அடுப்பும் கூரைவரையிலான தண்டும் அப்படியே இருக்கட்டும். கூரைக்கு மேலுள்ள செங்கல்லை மட்டும் இறக்கிவிட்டு, அவ்விடத்தில் துருப்பிடிக்காத எஃகுக் குழாயை நிறுத்தலாம். அக்குழாயையே தண்டின் உள்ளே அடுப்புவரை இறக்கிவிட்டால் உதிர்ந்த உட்சுவரைப் பற்றிக் கவலையில்லை. பின்னர் நான் விசாரித்த பொறியாளரும் இதையே ஒப்புக்கொண்டார். செங்கல்லைக் குட்டையாக்கி அப்படியே விட்டுவிடுவது தவறு. புகைபோக்கியின் வாய் கூரை முகட்டைவிடத் தாழ்ந்தால் காற்று புகையைக் கீழே தள்ளும். பத்தடித் தொலைவுக்குள் உள்ள எதனையும்விட இரண்டடியாவது உயர்ந்திருப்பது நல்லது.

கூரைக்குக் கீழே நின்ற தண்டின் வெளிப்புறச் சந்துகளைச் சிமெண்டால் பூசலாம் என்று நான் சொன்னேன். கொத்தனார் சிரித்தார். சுண்ணாம்பில் கட்டிய பழைய செங்கல் ஈரத்தை உள்வாங்கி மெல்ல வெளிவிடும். சிமெண்டு அந்த வழியை அடைத்துவிடும். ஈரம் செங்கல் வழியாகவே வெளியேற முயன்று, முகம் பொரிந்து உதிரும். ஆகவே சுண்ணாம்புச் சாந்துதான். காசி மலை சுண்ணாம்புக்கல்லுக்குப் பெயர்பெற்றது; முற்காலத்தில் இங்கிருந்து சில்ஹட் வழியாக வங்கத்துக் கட்டடங்களுக்கே சுண்ணாம்பு சென்றது. அது மெல்லத்தான் இறுகும். மழைக்காலத்தில் இறுகவே இறுகாது. இவ்வேலையை நவம்பருக்கும் பிப்ரவரிக்கும் இடையில் செய்வதன் காரணம் அதுவே. தண்டு தகரத்தைச் சந்திக்கும் இடத்தில் நாற்புறமும் புதிய தகரப் பட்டை மடித்து வைத்தார்கள். ஒழுக்கில் பெரும்பகுதி அந்தச் சந்திலிருந்துதான் வந்திருக்கிறது. குழாயின் தலையில் தொப்பி, அதைச் சுற்றிப் பறவை புகாத வலை.

செலவுக்குக் கொங் எங்கள் கிளையில் வீட்டுப் பழுதுபார்ப்புக் கடன் கேட்டார். நான் அவருடைய குடித்தனக்காரன் ஆதலால் அக்கோப்பை இன்னொரு அதிகாரியிடம் ஒப்படைத்துவிட்டு விலகிக்கொண்டேன். ஆயினும் வாடிக்கையாளர் பலர் கேட்கும் இரண்டு செய்திகளை இங்கே சொல்லலாம். தாம் வசிக்கும் வீட்டைப் பழுதுபார்க்க வாங்கும் கடனின் வட்டிக்கு, பழைய வரிமுறையைத் தேர்ந்தவர்களுக்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரை கழிவு உண்டு. வீடு கட்டவோ வாங்கவோ பெறும் கடனுக்குரிய இரண்டு லட்ச ரூபாய் வரம்பு இதற்குப் பொருந்தாது. காப்பீட்டில், 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் வழங்கும் ‘பாரத் கிரிக ரக்ஷா’ திட்டம் தீ, நிலநடுக்கம் இரண்டையும் உள்ளடக்குகிறது. ஆனால் பராமரிப்பின்றி நாள்பட உதிர்ந்த சாந்துக்கு எந்தக் காப்பீடும் பணம் தராது. பழுதுபார்த்த பட்டியல்களையும் முன்பின் எடுத்த ஒளிப்படங்களையும் வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வைத்திருங்கள்.

டார்ஜிலிங், முசூரி, உதகை, குன்னூர் ஆகிய ஊர்களில் பழைய வீடு வைத்திருப்போர் இதை வாசிக்கக்கூடும். புகைபோக்கி செல்லும் சுவரில் பழுப்புக் கறை படர்ந்தாலோ, வெண்ணிற உப்புப் பூத்தாலோ, மழை நாளில் அடுப்பிலிருந்து புளித்த கரிநாற்றம் வந்தாலோ, அடுப்பு வாயில் சாந்துத் துகள் விழுந்து கிடந்தாலோ, உடனே ஆளை வரவழையுங்கள். பயன்படுத்தாத புகைபோக்கியை மேலும் கீழும் இறுக அடைப்பதும் கூடாது. உள்ளே காற்றோட்டம் இல்லாவிட்டால் ஈரம் தங்கிச் சுவரையே அரிக்கும். புகைபோக்கியே இல்லாத அறையில் கரிச்சட்டி வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு உறங்கியவர்களைப் பற்றிய செய்தியை ஒவ்வொரு குளிர்காலத்திலும் நாளேடுகளில் காண்கிறோம். முன்பெல்லாம் பக்கத்தைத் திருப்பிவிடுவேன், இப்போது முடிவதில்லை. கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இணையக் கடைகளில் கிடைக்கிறது. புகை எச்சரிக்கைக் கருவி அந்த வேலையைச் செய்யாது, இரண்டும் வேறு. படுக்கையறைக்கு அருகில் பொருத்துங்கள். அதன்மேல் அச்சிட்டிருக்கும் காலாவதி நாளையும் பாருங்கள்.

வேலை முடிந்த நாளில் கொத்தனார் கனலில் ஈர வைக்கோல் போட்டுப் புகையெழுப்பி, குழாயின் தொப்பியை ஒரு கணம் அடைத்துக் காட்டினார். வீட்டின் எந்த மூலையிலும் புகை கசியவில்லை. கொங் கூடத்து அலமாரிக் கதவின் உட்புறத்தில் பென்சிலால் தேதியை எழுதினார். மூன்றாண்டுகளில் நான் அங்கே இருந்து பார்த்தவை மூன்று தேதிகள். இப்போது வேறு மாநிலத்தில் பணியாற்றுகிறேன். அக்டோபர் கடைசியில், தீபாவளி வாழ்த்துகளுக்கு இடையே, அந்த அலமாரிக் கதவின் ஒளிப்படம் ஒன்று கைபேசிக்கு வந்துவிடுகிறது. சென்ற ஆண்டின் தேதிக்குக் கீழே இன்னொரு வரி.