மாற்றாமல் ஓடிய வண்டி ஏது?

தருமபுரியிலிருந்து சேலம் போகும் சாலைக்கு அன்று என்.எச். 7 என்று பெயர். எதிரே லாரி வந்தால் இடது பக்கச் சக்கரத்தை மண்ணில் இறக்கித்தான் வழிவிட வேண்டும். ஓரமெல்லாம் புளியமரம். இன்று அது நான்கு வழி என்.எச். 44. அதியமான்கோட்டையில் பிரிந்து பாலக்கோடு, ராயக்கோட்டை வழியாக ஓசூர்ப் பக்கம் போக என்.எச். 844 வேறு வந்துவிட்டது. தேய்பிறை அஷ்டமி அன்று அதியமான்கோட்டைக் காலபைரவர் கோயிலுக்குச் சாம்பல் பூசணியில் விளக்கேற்ற வருகிறவர்களின் கார்களில் கர்நாடகப் பதிவெண் எத்தனை என்று பார்த்தாலே சாலை செய்த வேலை புரியும். அந்தக் கார்களுக்கு நடுவே எப்போதாவது ஒரு வெள்ளை அம்பாசிடர் வந்து நின்றால், சாமி கும்பிட வந்தவர்கள் கூட ஒரு நிமிடம் நின்று போட்டோ எடுக்கிறார்கள்.

அன்று யாரும் அதைத் திரும்பிப் பார்த்ததில்லை. இங்கிலாந்து மோரிஸ் ஆக்ஸ்போர்டின் அச்சில், மேற்கு வங்காளத்து உத்தரபாராவில் 1950களின் கடைசியில் தொடங்கி 2014 மே மாதம் வரை இந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்த வண்டி அது. கல்யாணமா, பிரசவ வலியா, சேலம் ஆஸ்பத்திரியா, எல்லாவற்றுக்கும் அதே வண்டிதான். முன் சீட் ஒரே பெஞ்சு. கியர் ஸ்டீயரிங்குக்குக் கீழே இருப்பதால் டிரைவரோடு சேர்த்து மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். பின்னால் எத்தனை பேர் என்பது சொந்தபந்தத்தின் எண்ணிக்கையைப் பொறுத்தது.

எங்கள் பெரியப்பா வீட்டுக் கொட்டகையில் நிற்பது 1984ஆம் வருடத்து மார்க் 4. நல்ல பராமரிப்பு, துரு இல்லை. அண்ணன் மகனுக்கு அதன் மேல் இப்போது ஆசை வந்திருக்கிறது. அலாய் வீல், ஏ.சி., பவர் ஸ்டீயரிங், ஜப்பான் எஞ்சின் என்று செல்போனில் படம் காட்டுகிறான். அவன் நண்பன் ஒருவன் அதற்கு நேர் எதிர்: ஒரு திருகாணியைக்கூடத் தொடாதே, ஒரிஜினலாக இருந்தால்தான் மதிப்பு என்கிறான். இருவருக்கும் வாக்குவாதம். எனக்கு இரண்டு பக்கமும் ஒப்பவில்லை.

ஒரிஜினல் என்று அவன் சொல்கிற வண்டி எப்போதோ போய்விட்டது. அன்று வண்டியை மாற்றுவது பொழுதுபோக்கு இல்லை, பிழைப்பு. பெட்ரோல் கட்டுப்படியாகாத டாக்சிக்காரர்கள் 1,489 சி.சி. எஞ்சினை இறக்கிவிட்டு டீசல் எஞ்சின் ஏற்றினார்கள். டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் வைத்தார்கள். கம்பெனியே சும்மா இருக்கவில்லை; 1990களில் இசுசுவின் 1.8 லிட்டர் எஞ்சினைப் போட்டு அதே உடம்பை விற்றது. பெரியப்பா வண்டியிலும் கிளட்ச் பிளேட், கிங்பின், லீஃப் பட்டை, ரேடியேட்டர், வயரிங் என்று மாற்றாதது குறைவு. நாற்பது வருடம் நன்றாக இருந்தது என்றால் நாற்பது வருடமும் யாரோ அதில் கைவைத்துக்கொண்டே இருந்தார்கள் என்றுதான் பொருள்.

பெட்ரோலே மாறிவிட்டதே! 2000 பிப்ரவரியோடு ஈயம் கலந்த பெட்ரோல் நம் நாட்டில் நின்றது. அந்த ஈயம்தான் பழைய சிலிண்டர் ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வு உட்காருகிற இடத்தைத் தேயாமல் காத்துக்கொண்டிருந்தது. அது போன பிறகு, கெட்டியான வால்வு சீட் போட்டுக்கொள்வது நல்லது என்றானது. இப்போது பங்க்குகளில் கிடைப்பது இருபது சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை ஊற வைத்து உதிர்க்கும். பெட்ரோல் பம்ப்பின் டயாஃப்ரம், ஹோஸ், கார்புரேட்டரின் வாஷர் எல்லாம் எத்தனால் தாங்குகிற சரக்காக மாற வேண்டும். 'தொடாதே' என்கிற பையன் சொல்படி நடந்தால் ஒருநாள் ஹோஸ் வெடித்துச் சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் சொட்டும். அப்புறம் மதிப்பு ஏது, வண்டி ஏது?

இந்த ஊர் வண்டிக்கு இன்னொரு பரீட்சை தொப்பூர் கணவாய். அதியமான்கோட்டையிலிருந்து சேலம் போனால் அந்த இறக்கத்தில் இறங்கித்தான் ஆக வேண்டும். கட்டமேடு தாண்டி இரட்டைப் பாலம் வரை விபத்துச் செய்தி ஓய்ந்த வருடம் கிடையாது. பெரியப்பா இறங்குகிற விதமே தனி. மேலேயே வேகத்தைக் குறைத்து செகண்டில் போட்டுவிடுவார். எஞ்சின் உறுமிக்கொண்டே வண்டியைப் பிடித்து வைக்கும். பிரேக்கை அவ்வப்போது தொட்டுத் தொட்டு விடுவார். புதிதாக ஓட்டுகிறவன் டாப் கியரிலேயே வந்து பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குவான். நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். கொஞ்ச தூரத்தில் லைனிங் கருகுகிற வாடை கண்ணாடி வழியே உள்ளே வரும். அடுத்த வளைவில் பெடல் வழக்கத்தைவிட ஆழமாகப் போகும். அதற்கடுத்த வளைவில் மிதிக்கிற மிதிக்கு வண்டி கேட்காது. அன்று முன்னால் லாரி ஊர்ந்தது, நாமும் ஊர்ந்தோம். இன்று பின்னால் கன்டெய்னர் லாரி நெருக்கிக்கொண்டு வருகிறது. ஆகவே முன் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் என்றால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். பிற்கால அம்பாசிடர்களில் கம்பெனியே கொடுத்ததுதான். சீட் பெல்ட்டும் அப்படியே.

எஞ்சின் மாற்றுவது வேறு கதை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொல்லிவிட்டது. ஆர்.சி.யில் இருக்கும் விவரம் மாறுகிற எதையும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்காமல் செய்யக் கூடாது. வண்டியின் நிறம்கூட அதில் அடக்கம்.

அப்படியே வைத்திருப்பவருக்கும் சட்டம் ஒரு குட்டு வைத்திருக்கிறது. 2021இல் வந்த விதிப்படி ஐம்பது வயது தாண்டிய, சேஸி, பாடி, எஞ்சின் மாறாத சொந்த வண்டியை விண்டேஜ் என்று பதியலாம். நம்பர் பிளேட்டில் 'வி.ஏ.' என்று வரும். பதிந்தபின் அதைத் தினசரி சாலையில் ஓட்டக் கூடாது. கண்காட்சி, ராலி, பழுது பார்க்க, பெட்ரோல் போட என்று எண்ணிச் சொன்ன காரியங்களுக்கு மட்டும்தான். பெரியப்பா வண்டிக்கு அந்தத் தகுதி 2034இல்தான் வரும். வந்து பதிந்தால் அதில் கல்யாணத்துக்குப் போக முடியாது. அதுவரை ஐந்து வருடத்துக்கொரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. இருபது வயது தாண்டிய கார்களுக்கு 2025இல் 10,000 ஆனது.

கோயம்புத்தூர் ஜி.டி. அருங்காட்சியகத்தில் பழைய கார்களை வரிசையாக நிறுத்திப் பளபளவென்று வைத்திருக்கிறார்கள். அங்கே திருகாணியைத் தொடாமல் காப்பது சரி. அந்த வண்டிகள் தொப்பூர் இறங்கப் போவதில்லை. நம் அதியமான்கோட்டையிலேயே சென்றாயப் பெருமாள் கோயில் விதானத்தில் பழைய ஓவியம் இருக்கிறது. மங்கிவிட்டதே என்று அதன் மேல் யாராவது பெயிண்ட் அடித்தால் சும்மா விடுவோமா? காரின் வெளி உருவத்தை நான் அந்த வரிசையில்தான் வைப்பேன். உருண்டை முதுகு, ஸ்டீயரிங் கியர், பெஞ்சு சீட், குரோமியம் பம்பர் போனால் அது அம்பாசிடரே இல்லை. அலாய் வீலும் மேட் பிளாக் பெயிண்டும் அதற்குக் கோமாளி வேஷம்.

அண்ணன் மகனிடம் நான் வைத்த நிபந்தனை ஒன்றுதான். எதைக் கழற்றினாலும் பழையபடி பூட்ட முடிய வேண்டும். பாடியில் புதிதாக ஓட்டை போடக் கூடாது, வெட்டி வெல்டிங் வைக்கக் கூடாது. கழற்றிய டிரம், வீல் சிலிண்டர் எல்லாம் கிரீஸ் தடவிச் சாக்கில் கட்டிப் பரணில் ஏற வேண்டும்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. ஸ்டீயரிங் கியரின் லிங்க்கைச் சரிக்கட்டவும், பாயின்ட் இடைவெளி பார்க்கவும், காதை வைத்தே கார்புரேட்டரை டியூன் செய்யவும் தெரிந்த மெக்கானிக்குகளுக்கு இப்போது வயதாகிவிட்டது. தருமபுரியில் அப்படி ஒருவரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. அவர் பட்டறையில் ஒரு மாதம் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துவிட்டு வா, ஜப்பான் எஞ்சின் பற்றி அப்புறம் பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன். திங்கட்கிழமை போவதாகச் சொன்னான்.