படகு அறை வெப்பமூட்டல்

படகில் உறங்கும் அறையைக் குளிர்காலத்தில் வெதுவெதுப்பாக வைத்திருக்கும் ஏற்பாடு படகு அறை வெப்பமூட்டல் ஆகும். தமிழகக் கடற்கரையில் இதற்குத் தேவை எழுவதில்லை. இந்தியாவில் இது அன்றாடத் தேவையாக இருப்பது ஸ்ரீநகரின் தால், நிகீன் ஏரிகளில் நிற்கும் படகு வீடுகளில்தான். அங்கு டிசம்பர் 21 அன்று தொடங்கும் 'சில்லை கலான்' எனும் நாற்பது நாள் கடுங்குளிரில் இரவு வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே இறங்கும்.

இப்படகு வீடுகள் தேவதாரு மரத்தால் ஆனவை. அறையின் நடுவே 'புகாரி' எனும் இரும்புத் தகட்டு அடுப்பு விறகில் எரியும். புகைக்குழாய் வெளியே செல்லும். தணல் இட்ட காங்கிரிச் சட்டியும் உண்டு. மரப்படகில் தீ நொடியில் பரவும். 2023 நவம்பர் 11 அன்று தால் ஏரியில் ஏற்பட்ட தீயில் ஐந்து படகு வீடுகள் எரிந்தன; வங்காளதேசப் பயணிகள் மூவர் இறந்தனர்.

ஓரிடத்தில் நிற்கும் படகுக்குப் புகாரி போதும். அலையில் ஆடியபடி பயணிக்கும் பாய்மரப் படகுக்கு அது பொருந்தாது. குளிர்நாடுகளில் அத்தகைய படகுகளில் டீசலில் எரியும் வெப்பக்காற்றுக் கருவி பரவலாக உள்ளது. எரிகாற்றை வெளியிலிருந்து இழுத்து, புகையை வெளியே தள்ளி, அறைக் காற்றைத் தனியாகச் சூடாக்குவதே இதன் சிறப்பு. புகைபோக்கி இல்லாத எரிவாயு அடுப்பை மலிவு என்று வாங்குவது தவறான சிக்கனம். எரிவாயு எரியும்போது நீராவி உண்டாகும்; சுவர்களில் நீர் வழியும், மெத்தை ஈரமாகும். கசியும் எரிவாயு காற்றைவிடக் கனமானதால் படகின் அடித்தளத்தில் தேங்கி வெடிக்கவும் கூடும்.

ஒன்பது, பத்து மீட்டர் நீளப் படகுக்கு 2 கிலோவாட் கருவி பொதுவாகப் போதும். முழுத் திறனில் மணிக்கு ஏறத்தாழ கால் லிட்டர் டீசல் செலவாகும். தேவைக்கு மீறிய பெரிய கருவியை எப்போதும் குறைத்தே எரித்தால் உள்ளே கரி படிந்து விரைவில் நின்றுவிடும். மின்கலத்தையும் கணக்கிட வேண்டும்: பற்றவைக்கும் சில நிமிடங்களுக்கு மின்னோட்டம் மிகுதியாகத் தேவை. அணைத்த பின்னும் விசிறி சிறிது நேரம் ஓடிக் கருவியைக் குளிர்விக்கும்; அதற்குள் முதன்மை மின்விசையை நிறுத்தினால் கருவி பழுதாகும்.

பொருத்துவதில் கவனம் முழுவதும் புகைக்குழாயில் இருக்க வேண்டும். துருப்பிடிக்காத எஃகுக் குழாயை வெப்பத்தடைப் பொருளால் சுற்றி, மரத்தைத் தொடாமல் கொண்டு செல்வர். அலைநீர் உள்ளே ஏறாதிருக்க, வெளிவாயை அடையுமுன் குழாய் மேலே வளைந்து இறங்க வேண்டும். வெளிவாய் சன்னலுக்கு அருகில் இருக்கக்கூடாது.

குழாய் கசிந்தால் அறையில் சேர்வது கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமோ மணமோ இல்லை. தலைவலி, குமட்டல், மயக்கம் ஆகிய அதன் அறிகுறிகளைப் படகில் இருப்போர் கடல்நோய் என்றே எண்ணிப் படுத்துவிடுவர். எனவே, எந்தக் கருவியைப் பொருத்தினாலும், உறங்குமிடத்துக்கு அருகே இவ்வாயுவுக்கான எச்சரிக்கை மணியையும் பொருத்துவது கட்டாயம்.